முதலாளியின் சாவிக்கொக்கி

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மருத்துவமனைச் சீட்டில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி டிப்போவிலும் தெருவிலும் வீட்டிலும் அவன் 'முதலாளி'தான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். "முதலாளி, முதுகை நிமிர்த்து. முதலாளி, மாத்திரை போட்டாச்சா?" என்றால் சிறுபிள்ளை மாதிரி தலையாட்டுவான்.

மாதக் கடைசியில் கையைப் பிசைகிற ஒரு லாரி டிரைவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் வண்டியில் ஏறினான். இது அவனே சொல்லிச் சிரிப்பது. முதலில் லாரி கழுவினான், பிறகு மூட்டை ஏற்றினான், மீசை சரியாக முளைப்பதற்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டான். குளிர்பெட்டி லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன் வேறு எங்கும் போகவில்லை. பால், மீன், ஐஸ்கிரீம், சில நாள் மருந்து. பெட்டிக்குள் குளிர் குறைந்தால் சரக்கு முழுவதும் வீண். அதனால் அவன் காது எப்போதும் குளிர்பெட்டியின் விசிறிச் சத்தத்தில்தான் இருக்கும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் வண்டியை ஓரம் கட்டிவிடுவான். வீட்டிலும் அதே காதுதான்.

"நான் நாலு தரம் கூப்பிட்டாலும் எழுந்துக்க மாட்டாருக்கா. ஃப்ரிட்ஜ் நின்னா மட்டும் துள்ளி எழுந்துடுவாரு. பேசாம நான் ஃப்ரிட்ஜா பொறந்திருக்கலாம்" என்பாள் அவன் மனைவி.

அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். நான் அதே மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்பில் இருந்தேன். நர்ஸ் இல்லை, அதற்குக் கீழே ஒரு படி. பயிற்சி எடுத்து, தூக்க வேண்டியவர்களைத் தூக்கி, துடைக்க வேண்டியவர்களைத் துடைத்துத்தான் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலாளி கம்பெனியில் இருந்த காலமெல்லாம் மாதச் சம்பளம். வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஓய்வூதிய நிதிக்கும் காப்பீட்டுக்கும் அவன் பங்கு பாதி, கம்பெனியின் பங்கு பாதி என்று கட்டிவந்தார்கள். இதெல்லாம் நடப்பதே அவனுக்குத் தெரியாது. கையில் வந்ததை எண்ணி மனைவியிடம் கொடுப்பான், அவ்வளவுதான்.

ஒருநாள் மேனேஜர் எல்லா டிரைவர்களையும் டிப்போவில் கூட்டினார். டீயும் கேக்கும் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கு முன்னால் ஒருவருக்கும் ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததில்லை. அதிலேயே உஷாராகியிருக்க வேண்டும்.

"இன்னையிலேருந்து இங்க யாரும் வேலைக்காரங்க இல்ல. நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு முதலாளி. உங்க வண்டி, உங்க தொழில், உங்க வருமானம்!" என்றாராம்.

கேக்குக்குப் பிறகு காகிதம் வந்தது. அதன்படி லாரியைக் கம்பெனி அவனுக்கு வாடகைக்கு விடும். ஓட்டுகிற லோடுக்குத் தரும் பணத்தில் அந்த வாடகையைக் கழித்துக்கொள்ளும். டீசல் அவன் தலையில், டயர் அவன் தலையில். வரியை அவனே கட்டிக்கொள்ள வேண்டும். நிதிக்கும் காப்பீட்டுக்கும் தன் பங்கு, கம்பெனி கட்டிவந்த பங்கு, இரண்டும் அவன்தான் கட்ட வேண்டும். அவன் இனி சம்பள ஆள் இல்லை, காண்ட்ராக்டர். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. எல்லோரும் போட்டார்கள்.

மற்றதெல்லாம் பழையபடிதான். அதே நீலச் சட்டை, அதே சூப்பர்வைசர், அதே நேரம். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் சாவியை டிப்போ ஆபீஸ் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதுவும் மாறவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் டிரைவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யத் தொடங்கினார்கள். "என்ன முதலாளி, டயர்ல காத்து கம்மியா?" "முதலாளி, ஒரு டீ சொல்லுங்க முதலாளி." ஒரு வாரத்தில் அந்தக் கேலி எல்லோருக்கும் சலித்துவிட்டது. இவனுக்கு மட்டும் சலிக்கவில்லை. அதை நிஜமென்று நம்பினவன் இவன் ஒருவன்தான். விசிட்டிங் கார்டு அடித்தான். பெயிண்டர் ஒருவரைப் பிடித்து, டிரைவர் பக்கத்துக் கதவில் சின்னதாகச் சிவப்பில் 'முதலாளி' என்று எழுதவைத்தான். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் ஒரு டப்பா தின்னரையும் பழைய துணியையும் கையில் கொடுத்து, "கம்பெனி வண்டியில கண்டதையும் எழுதக் கூடாது, அழி" என்றார். இவனும் அழித்தான். எழுத்து கோணலாக வந்துவிட்டது, அதனால் அழித்தாயிற்று என்று வீட்டில் சொன்னான். தன்னுடைய வண்டி என்று சொன்னார்களே, அதில் எழுத மற்றவன் அனுமதி எதற்கு என்று யோசிக்கவே இல்லை.

யோசிக்க அவனுக்கு மனமில்லை. காரணம் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பேச்சின்போது, "மாசச் சம்பளக்காரனுக்கா குடுக்கறது?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவர். அந்த ஒரு வாக்கியம் இவன் நெஞ்சில் முள்ளாக இருந்திருக்கிறது. முதல் கார்டைக் கொண்டுபோய் அவர் கல்லாவில்தான் வைத்தான்.

கார்டு தீர்வதற்குள் விழுந்துவிட்டான்.

மழை நாள். கேபினிலிருந்து இறங்கும்போது படி வழுக்கியது. கால் போய்விட்டது, வலது கை மட்டும் கைப்பிடியை விடவில்லை. உடம்பு முழுவதும் அந்த ஒரு தோளில் தொங்கியது. மூட்டு விலகி, தசைநார் பாதி கிழிந்தது. மூட்டை இடத்தில் பொருத்திவிட்டு, கையை ஸ்லிங் பட்டையில் போட்டு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் கை அசையக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. அவசரப்பட்டால் மீதி நாரும் அறுந்துவிடும், கை தோளுக்கு மேலே போகாது என்று டாக்டர் சொன்னார். லாரி கேபின் உயரம். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். கை மேலே போகாதவனுக்கு அந்த வேலை கிடையாது.

மனைவிக்குக் காலை ஷிஃப்ட். என்னை வந்து கூப்பிட்டாள்.

இரண்டு அறை வீடு, இரண்டாவது மாடி. ஜன்னலுக்கு எதிரே பஸ் பழுது பார்க்கும் பட்டறை. வீடு முழுவதும் சலவை சோப்பு வாசனை. வீட்டில் இருக்கும் ஆண்கள் மோசமான நோயாளிகள் என்பது என் அனுபவம், ஆனால் இவன் பரவாயில்லை. முன்னால் குனிந்து கையைத் தொங்கவிடச் சொல்லி அக்குளைத் துடைத்து, மடித்த துணி வைத்து, மறுபடி பட்டையில் போடுவேன். பாதி உட்கார்ந்த மாதிரி படுக்கவைத்து முழங்கைக்குக் கீழே தலையணை வைப்பேன். விரல் விறைக்காமல் இருக்கச் சுருட்டிய காலுறை ஒன்றை அழுத்தச் சொல்வேன். சொன்னதையெல்லாம் செய்தான், ஒன்றைத் தவிர. ஃபோன் அடித்தால் எழுந்து நின்றுவிடுவான்.

எல்லா ஃபோனுக்கும் இல்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டால் மட்டும் லாரி ஹாரன் மாதிரி ஒலிக்கும்படி வைத்திருந்தான். 'பாம்' என்று அது கத்தியதும் தலையணை ஒரு பக்கம், காலுறை ஒரு பக்கம், இவன் நேராக நிற்பான்.

"எதுக்குப்பா எழுந்துக்கற? ஃபோன்ல நீ நிக்கறியா உட்கார்ந்திருக்கியான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"படுத்துக்கிட்டுப் பேசினா குரல்ல தெரிஞ்சிடும்க்கா."

"தெரிஞ்சா? நீதான் முதலாளியாச்சே."

"அது வேற, மரியாதை வேற" என்றான்.

சூப்பர்வைசரின் குரல் எனக்கே கேட்கும். மைக் வைத்த மாதிரி பேசுவார். வண்டி சும்மா நிற்கிறது, ஆனால் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி வரவில்லை என்றால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். இவன் கெஞ்சினான். தனக்குப் பதிலாக, ஓய்வு பெற்ற ஒரு டிரைவரை ஓட்டச் சொல்லலாமா என்று கேட்டான்.

"அதெல்லாம் முடியாது. யார் ஓட்டணும்னு நாங்கதான் சொல்வோம்."

"வேலையில விழுந்ததுக்கு எதாவது கிடைக்குமா சார்?"

"முதலாளிக்கு யாருய்யா காசு தருவா? நீங்கதான் உங்களுக்குத் தந்துக்கணும்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது.

அதே வாரம் வரி அலுவலகத்திலிருந்தும் நோட்டீஸ் வந்தது. இரண்டு பங்கையும் கட்டு என்று. மனைவியின் சம்பளத்தில் சோறும் வீட்டு வாடகையும் ஓடும், அதற்கு மேல் ஓடாது. இவன் இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள், "பவர் ஸ்டீயரிங்தானேக்கா, ஒரு கை போதும். முதல் தேதி போயிடறேன்" என்றான்.

"ஏறறதுக்கு எந்தக் கை?"

அவன் பட்டையில் கிடந்த வலது கையைப் பார்த்தான்.

"போ. போய் ஒரு தரம் தொங்கு. அப்புறம் உனக்கு முதுகு தேய்ச்சுவிடவும் சட்டை போட்டுவிடவும் உன் பெண்சாதி காலம் முழுக்க லீவு போடுவா." ஆறுதல் சொல்லும் வேலையை நான் கற்றுக்கொள்ளவில்லை. சில நேரம் அது உதவியும் செய்வதில்லை.

எனக்கு இதில் ஒரு வழி தெரியும். வீடுகளுக்கு எங்களை அனுப்பும் ஏஜென்சி ஒருமுறை எங்களையும் இப்படித்தான் 'சுயதொழில்' ஆக்கியது. யூனிஃபார்ம் அவர்களுடையது, எந்த வீடு எந்த நேரம் என்பது அவர்களுடையது, வரி மட்டும் எங்களுடையது. நாங்கள் சிலர் வரி அலுவலகத்துக்குப் போனோம். நீ சம்பள ஆளா, தனித்தொழில் செய்பவளா என்பதைக் கம்பெனி கொடுக்கும் பட்டம் தீர்மானிப்பதில்லை, வேலை எப்படி நடக்கிறது என்பதை விசாரித்து நாங்கள் தீர்மானிப்போம் என்றார்கள். அதற்கென்றே ஒரு மனு உண்டு. சம்பள ஆள் என்று முடிவானால் கம்பெனி தன் பங்கைக் கட்டியாக வேண்டும், வேலையில் அடிபட்டால் காப்பீட்டுப் பணமும் வரும்.

அன்று சாயங்காலம் புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் முன்னால் இதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அவன் முகம் இருண்டது.

"நானே போய், நான் கூலிக்காரன்தான்னு எழுதிக் குடுக்கணுமா? மச்சான் கேட்டா என்ன சொல்றது?"

"எங்க அண்ணன் என்ன, வரி ஆபீஸ் வாசல்லயா உட்கார்ந்திருக்காரு?" என்றாள் அவள்.

"கார்டு குடுத்திருக்கேன்டி."

"அந்தக் கார்டை ஸ்லிங்ல சொருகி வைங்க. கை சரியாகிடும்."

அவன் அசையவில்லை. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "சரிங்க. மனு வேணாம். நீங்க ஒன்றரை மாசம் வீட்டுல இருந்துதான் ஆகணும். நாளைக்குக் கடைக்குப் போய் எங்க அண்ணன்கிட்ட கடன் கேட்கறேன். முதலாளிக்குக் கொஞ்சம் கைமாத்து வேணுமாம்னு."

பேனாவைக் குடுங்க என்று என்னிடம் கை நீட்டினான். இடது கையால் கையெழுத்துப் போட்டான். அது நிஜமாகவே கோணலாக இருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று மூவரும் போனோம். சட்டைப் பொத்தான் போடவும் பஸ்ஸில் கூட்டம் தோளில் இடிக்காமல் பார்க்கவும் நான். மனு கொடுத்தாயிற்று, ஆனால் மனம் அதற்கு இணங்கவில்லை என்பது தெரிந்தது. நீலச் சட்டையைப் போடமாட்டேன் என்று அடம்பிடித்து, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான்.

அதிகாரி நாற்பது வயதுப் பெண். கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. ஜலதோஷம், மேசையில் கைக்குட்டை. கேள்விகளை அவசரமில்லாமல் கேட்டார்.

"லோடு யாரு குடுக்கறாங்க?"

"நானே எடுத்துக்குவேன் மேடம்."

"பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லலாமா?"

"தாராளமா."

"சொல்லியிருக்கீங்களா?"

"சொல்ற மாதிரி வரல."

"வேற கம்பெனிக்கு ஓட்டலாமா?"

"ஓட்டலாம் மேடம். நேரம்தான் கிடைக்கல. நம்ம தொழில் அப்படி."

நம்ம தொழிலாம். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதையெல்லாம் அதிகாரி எழுதினார். அவர் மேல் தப்பில்லை, இவன் சொல்வதைத்தானே எழுத முடியும். மனைவி பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். "அவரைத்தான் கேட்கறேன்" என்று அதிகாரி கையைக் காட்டிவிட்டார். இன்னும் நாலு கேள்விக்கு இதேபோல் பதில் சொன்னால் எல்லாம் முடிந்தது, முதல் தேதி இவன் அந்தக் கைப்பிடியில் தொங்குவான், நான் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அப்போது அவன் பையில் லாரி ஹாரன் கத்தியது.

கால் மேலிருந்த கால் இறங்கியது. நாற்காலி பின்னால் சரிந்தது. முதலாளி எழுந்து நேராக நின்றான்.

"சார்… ஆமா சார்… வெளிய வந்திருக்கேன் சார்… சொல்லாம வந்தது தப்புதான் சார்… இல்ல சார், இனிமே கேட்டுட்டுத்தான் போவேன்… சரிங்க சார்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு?"

"சூப்பர்வைசர் மேடம்."

"உங்களுக்கா?"

அவன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான். காது சிவந்திருந்தது.

"நீங்க எழுந்து நின்னதை நான் எழுத முடியாது. அதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இல்ல" என்றார் அவர். "கேட்கறதுக்குப் பதில் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் வண்டிச் சாவி எங்க இருக்கும்?"

"கொக்கில மேடம். டிப்போ ஆபீஸ்ல." கொஞ்சம் நிமிர்ந்தான். "மேல் வரிசை. சீனியர் ஆளுங்களுக்குத்தான் மேல் வரிசை. புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் கீழதான். எனக்கு வலது ஓரம், முதல் கொக்கி."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"எதை?"

"சாவியை."

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விவரம் தெரியாமல் கேட்கிறாரே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டவன் போல, "சாவிய எந்தக் கம்பெனி மேடம் வீட்டுக்குக் குடுத்துவிடும்?" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. குளிர்பெட்டி விசிறியின் சத்தம் மாறினால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்பானே, அப்படியே தலையைச் சாய்த்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கேலி செய்வாள் என்று நினைத்திருப்பான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"மேடம், முன்னாடி சொன்னதை அடிச்சிடுங்க" என்றான். "முதல்லேருந்து கேளுங்க."

இந்த முறை உள்ளதைச் சொன்னான். லோடு எதையும் மறுக்க முடியாது. மறுத்தவனுக்கு ஒரு வாரம் லோடே கொடுக்கவில்லை. வேறு கம்பெனிக்கு ஓட்டினால் ஒப்பந்தம் ரத்து. எந்த ரோடு, எங்கே நிறுத்தலாம், எந்தச் சட்டை எல்லாம் அவர்கள்தான். தனக்குப் பதிலாக இன்னொரு ஆளை அனுப்பக் கேட்டதற்கு முடியாது என்றார்கள். கதவில் எழுதியதைத் தின்னர் போட்டு அழிக்கச் சொன்னதையும் சொன்னான்.

"என்ன எழுதியிருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"முதலாளின்னு மேடம்."

அவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஜலதோஷத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் இவன், மனைவியைப் பார்க்காமல். "கோணல் எல்லாம் இல்ல." பிறகு, "எழுதிக்குங்க மேடம். நான் சம்பள ஆள்தான்."

முடிவு அன்றே வராது, கம்பெனியையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றார் அதிகாரி. ஆனால் மனு நிலுவையில் இருக்கும்வரை நோட்டீஸை நிறுத்திவைப்பார்கள். மனுவின் நகலைக் கொண்டுபோய்க் காட்டினால், காயத்துக்கான காப்பீட்டு அலுவலகம் முன்பணம் கொடுக்கும், வண்டியைப் பறிக்கக் கூடாது என்று கம்பெனிக்கும் எழுதும். இரண்டும் நடந்தன. பெரிய தொகை இல்லை. ஆனால் முதல் தேதி வந்து போனபோது முதலாளி பாதி உட்கார்ந்த மாதிரி படுத்துக்கொண்டு காலுறையை அழுத்திக்கொண்டிருந்தான். எனக்கு வேண்டியது அதுதான்.

விஷயம் மச்சானுக்கு எப்படியோ எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையோடு வந்தார். இவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான். சம்பளக்காரன்தான். முதல்லயே சொன்னீங்களே."

"வீட்டுல படுத்திருந்தாலும் காசு வருதாமே, நிஜமா?"

"கொஞ்சம் வருது."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன வருஷம் எனக்குக் காய்ச்சல். கம்பளியப் போர்த்திக்கிட்டுக் கல்லாவுல உட்கார்ந்தேன். ஆணி கேட்டவனுக்குக் கீல் எடுத்துக் குடுத்தேன். நான் கடைய மூடினா எனக்கு எவன் குடுப்பான்? லீவு கேட்கறதுக்குக்கூட எனக்கு ஆள் இல்ல மாப்பிள்ளை." ஒரு ஆப்பிளை எடுத்துத் தானே கடித்துக்கொண்டு, "குடுத்துவெச்சவன்யா நீ" என்றார்.

அன்று இவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

ஸ்லிங்கைக் கழற்றிய பிறகுதான் என் நிஜமான வேலை தொடங்கியது. பூட்டிக் கிடந்த தோளைத் திறக்க வேண்டும். சுவரில் விரலால் நடந்து கையை மேலேற்றுவது வழக்கமான பயிற்சி. அது இவனுக்குச் சலித்தது. மச்சானைக் கூப்பிட்டு ஒரு நீளப் பலகையில் இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை கொக்கிகள் வரிசையாக அடித்துத் தரச் சொன்னேன். அவரே வந்து சுவரில் பொருத்தினார். கொக்கிக்குக் காசு வாங்கவில்லை, திருகாணிக்கு மட்டும் கேட்டார். ஒரு பழைய பூட்டின் சாவியைக் கையில் கொடுத்து, "மாட்டு" என்றேன். முதல் நாள் கீழ்க் கொக்கிக்கே நெற்றி வியர்த்தது.

வேலையிலிருந்து வந்ததும் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எந்தக் கொக்கி?"

"நேத்து இருந்ததுதான்."

"அப்ப இன்னும் ஜூனியர்தான். போய் டீ போடுங்க."

போட்டான். இடது கையால் சர்க்கரையைக் கொட்டி, மேசையெல்லாம் இறைத்து.

முடிவு வந்தபோது சாவி தோள் உயரத்தில் இருந்தது. சம்பள ஆள்தான் என்று தீர்ப்பு. கம்பெனி தன் பங்கைக் கட்ட வேண்டும், வண்டி வாடகை என்று கழித்ததைத் திருப்பித் தர வேண்டும். மற்ற டிரைவர்களும் வரிசையாக மனுப் போட்டார்கள். மேனேஜர் மறுபடி டிப்போவில் எல்லோரையும் கூட்டி, பழைய முறைக்கே திரும்புகிறோம் என்றாராம். இந்த முறை கேக் இல்லை.

பெயர் மட்டும் போகவில்லை. இப்போது கேலியாக யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். மீதிக் கார்டுகளின் பின்பக்கத்தில் அவன் மனைவி கடைக்கு வாங்க வேண்டியதை எழுதுகிறாள். நல்ல தடிமனான அட்டை.

அவன் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் நான் டிப்போவுக்குப் போனேன். ஒரு வேலையை முடித்ததாகச் சொல்வதற்கு முன்னால் கண்ணால் பார்த்துவிடுவது என் பழக்கம். வண்டி உள்ளே வந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியாக, வண்டியைப் பார்த்தபடி இறங்கினான். நான் சொல்லிக் கொடுத்த மாதிரிதான். பையில் ஃபோன் ஹாரன் கத்தியது. ஏற்கெனவே நின்றிருந்தவன் இன்னும் கொஞ்சம் விறைத்து நின்று, "வந்துட்டேன் சார்" என்றான். அது தோளில் இருக்கும் கோளாறு இல்லை, எனக்கு அதற்கு வைத்தியம் தெரியாது.

ஆபீஸ் சுவரில் அந்தக் கொக்கி வரிசைகளைப் பார்த்தேன். மேல் வரிசை, வலது ஓரம், முதல் கொக்கி. அவன் இல்லாத நாட்களில் யாரும் அதில் எதையும் மாட்டவில்லை போலிருக்கிறது, தூசி படிந்திருந்தது. அவன் இடது கையிலிருந்து வலது கைக்குச் சாவியை மாற்றினான். கை தோள் உயரத்தைத் தாண்டியது, கொஞ்சம் நின்றது, உதட்டைக் கடித்தான், மறுபடி ஏறியது. சாவி கொக்கியில் விழுந்தது. பின்னால் நின்ற டிரைவர்கள், "முதலாளி வந்தாச்சு!" என்று கத்தினார்கள்.

ஒரு தடவை ஏறியது தற்செயலாகவும் இருக்கலாம்.

"எடுத்துட்டு இன்னொரு தரம் மாட்டு" என்றேன்.

எடுத்தான். மாட்டினான். இந்த முறை உதட்டைக் கடிக்கவில்லை.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.